ஆரஞ்சுப் பக்கம்

1

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி வரும். மாடி வீட்டு மித்ரா அதற்குப் பத்து நிமிடம் முன்பே என் சன்னலருகே வந்து நின்றுவிடுவாள். தெருவைப் பார்த்த சன்னல் எனக்குத்தான் இருக்கிறது. அவளுக்கு ஆறு வயது. அவள் அம்மா ஜெபா அக்கா நாகர்கோவில்காரர். மருத்துவமனையில் காலை வேலை இருக்கும் நாட்களில் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போவார். பள்ளியில் கொண்டுபோய் விடுவது நான்.

"சித்தி, ஓடி வா! ஆரஞ்ச் ஆட்கள் வந்தாச்சு!"

தலை முதல் கால் வரை ஆரஞ்சு உடுப்பு. இரண்டு ஆண்கள், ஒரு பெண். அந்தப் பெண் வண்டியின் பின்படியில் தொங்கிக்கொண்டே மித்ராவுக்குக் கையசைப்பார். மித்ரா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு இரண்டு கையையும் ஆட்டுவாள். பள்ளியில் 'பெரியவளானதும் என்ன ஆவாய்' என்று வரையச் சொன்னபோது அந்த வண்டியைத்தான் வரைந்திருந்தாள்.

ஜெபா அக்கா படத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "இதுக்காக்கும் ஏழு கடல் தாண்டி வந்தது! ஊர்ல எங்க மாமியார்ட்ட சொன்னா என் கதைய முடிச்சிருவாவ." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, அடுப்பில் ஏதோ இருப்பதுபோல அடுக்களைக்குள் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஜெர்மனியின் ஹன்னோவருக்கு வந்து இந்த ஜூலையோடு நான்கு வருடம் ஆகிறது. ஊரில் இப்போது சாரல் விழுந்துகொண்டிருக்கும். அம்மா ஆரஞ்சு நிற மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு குற்றாலத்து மெயினருவிக் கரையில் ஷாம்பு உறைகளைப் பொறுக்கிக்கொண்டிருப்பாள். வயல் வேலை குறைந்துபோன பிறகு, சீசன் மாதங்களில் மட்டும் அவளுக்கு அந்த வேலை.

இந்த வரியை எழுத எனக்கு இருபத்தெட்டு வயது ஆக வேண்டியிருந்தது.

2

எல்லாம் ஒரு கையெழுத்து இதழில் தொடங்கியது. எங்கள் பகுதி நூலகத்தில் கோடை முழுவதும் சுற்றுச்சூழல் பற்றிய குட்டி இதழ்கள் செய்கிறார்கள். ஒரே ஒரு தாள். அதை மூன்று முறை மடித்து, நடுவில் ஒரே ஒரு வெட்டு வெட்டித் திருப்பினால் எட்டுப் பக்கப் புத்தகம். பசை வேண்டாம், ஊசி வேண்டாம், ஒரு துண்டுக் காகிதம்கூடக் கீழே விழாது. இதற்கு இங்கே 'ஸீன்' என்று பெயர். அம்மாவிடம் சொன்னபோது, "ஓஹோ, அங்கன போயும் சீன்தான் போடுதியா" என்றாள்.

நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். படிப்பில் எனக்குக் கர்வம் உண்டு, அதை மறைப்பதில்லை. அதனால் இதழையும் ஆராய்ச்சிபோலவே தொடங்கினேன். பக்கத்துக்கு ஒரு நிறம். அந்த நிறத்துக்கு எந்த ஊரில் என்ன பொருள், அந்த நிறத்தில் என்ன குப்பை சேர்கிறது, அதை எப்படிக் குறைப்பது. சாயமும் கடையில் வாங்குவதில்லை. மஞ்சள் தூள், வெங்காயத் தோல், கீரைத் தண்டு, பீட்ரூட் தோல் என்று அடுக்களையில் மிஞ்சுவதைக் கொண்டே தாளுக்கு நிறம் ஏற்றுவது.

நூலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தேன். வெள்ளை ஓரிடத்தில் கல்யாணம், ஓரிடத்தில் துக்கம். பச்சை ஓரிடத்தில் செழிப்பு, ஓரிடத்தில் பொறாமை. மித்ராவிடம் கேட்டேன், "நீலம்னா உனக்கு என்ன ஞாபகம் வரும்?"

"காகிதம்!"

"மஞ்சள்?"

"தயிர் டப்பா."

"பழுப்பு?"

"வாழைப்பழத் தோல். சித்தி, இதுகூடத் தெரியாதா?"

இங்கே குப்பைத் தொட்டிகளின் நிறம் அப்படி. நான் படித்த பாடப் புத்தகத்தில் நீலத்துக்கு வானம் இருந்தது, கடல் இருந்தது. இவளுக்கு வானம் வருவதற்கு முன் தொட்டி வருகிறது. ஜெபா அக்கா, தமிழில் நிறங்களின் பெயரே பிள்ளைக்குப் பாதிதான் தெரியும் என்று வருத்தப்படுவார். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. எந்த நிறத்தைப் பார்த்தும் அவளுக்குக் கூச்சம் வராது.

நான் வந்த முதல் மாதம் நெய் ஒட்டிய காகிதத்தை, சுத்தக் காகிதம் மட்டும் போட வேண்டிய நீலத் தொட்டியில் போட்டதற்கு, யாரோ தொட்டியின் மூடியில் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டிவிட்டார்கள். சுற்றுச்சூழல் பொறியியலில் முதுநிலைப் பட்டம் வாங்க வந்தவள் நான். அந்தச் சீட்டைக் கிழித்து, எந்தத் தொட்டியில் போடுவது என்று தெரியாமல் கைப்பையிலேயே ஒரு வாரம் வைத்திருந்தேன்.

இதழின் கடைசிப் பக்கத்தில் செய்தவரைப் பற்றிச் சில வரிகள் வேண்டும். பொறுப்பாளர் ஹைக்கே, "குப்பையில் உங்களுக்கு எப்படி ஆர்வம் வந்தது என்றும் எழுதுங்கள்" என்றார். "என் அம்மா உள்ளாட்சித் துறையில் பணிபுரிகிறார்" என்று எழுதிக் கொடுத்தேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து எல்லாப் படிவத்திலும் நான் எழுதிவரும் வரி அது.

ஹைக்கே கண்ணை விரித்தார். "அம்மா அரசு அலுவலரா! அப்படியென்றால் வீட்டிலேயே கற்றிருக்கிறீர்கள்."

நான் திருத்தவில்லை.

3

நிறங்களைப் பற்றி அம்மாவிடமும் கேட்டேன். ஜூன் மாதத்து ஒரு சனிக்கிழமை, எனக்கு மதியம், அவள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருந்த நேரம்.

"எம்மா, அருவியில என்னென்ன கலர் கவர் கெடக்கும்?"

"ஒனக்கு எதுக்குட்டி கலர் கணக்கு?"

"ஒரு சின்ன புஸ்தகம் பண்ணுதேன்."

"படிச்ச புஸ்தகம் பத்தலையாக்கும். சரி எழுதிக்கோ. பச்சைன்னா எண்ணெய். வயசான பொம்பளைய வாங்குதது. செவப்பு சீயக்கா. நீலம் பொடுகுக்கு, அது பூரா ஆம்பளப் பயலுவ. வெள்ளை சோப்புத் தாளு. மஞ்சள் ஏதோ முட்டை போட்ட ஷாம்பாம், நாத்தம் தாங்காது. ஊதா இருக்கு பாத்துக்கோ, அது காலேஜிப் புள்ளைய. சனி ஞாயிறு வந்துட்டா ஊதாதான் கூட."

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஒரு உறையைக்கூட அவள் படித்ததில்லை.

"சோப்பு, ஷாம்பு கொண்டு வரக் கூடாதுன்னு போர்டு இருக்குல்லாம்மா?"

"போர்டும் இருக்கு, போலீசும் நிக்காவ. இடுப்புல சொருகிட்டு வாரவள என்ன செய்ய? நானா தடவிப் பாக்க முடியும்?"

ஊரில் மக்குகிற குப்பைக்குப் பச்சைத் தொட்டி, மக்காததற்கு நீலம் என்றும் சொன்னாள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். 'ஊதா: கல்லூரிப் பெண்கள்' என்ற வரி நல்ல தகவலாகத் தோன்ற, அதற்கு அடிக்கோடும் போட்டேன். அடிக்கோடு போடும்போது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

"கொஞ்சம் கவர் அனுப்பு, எம்மா. அட்டையில ஒட்டணும். அருவியில கெடக்கதுதான் வேணும். கழுவிக் காய வச்சு அனுப்பு."

"குப்பையவா தபால்ல அனுப்பச் சொல்லுத?" என்றாள். பிறகு, "சரி, பாக்குதேன்" என்றாள்.

4

பொட்டலம் ஜூலை நடுவில் வந்தது. வீட்டுக்கு வரவில்லை. சுங்க அலுவலகத்துக்கு நேரில் வரும்படி கடிதம் வந்தது. ஊரில் தபாலில் போட்ட சித்தப்பா மகன் மேல்தாளில் 'காலி உறைகள்' என்று மட்டும் எழுதியிருந்தான்.

கையிலிருந்த வரிசைச் சீட்டின் எண்ணைப் பார்த்துக்கொண்டு அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அழைத்த அதிகாரி தன்மையான மனிதர்.

"உள்ளே என்ன?"

பரிசோதனைக் கூடத்தில் நாளெல்லாம் ஜெர்மன் பேசுகிறேன். அரசு மேசைக்கு முன் நின்றால் மட்டும் என் ஜெர்மன் இரண்டாம் வகுப்புக்குப் போய்விடும். தொட்டிகளில் தினமும் பார்க்கும் சொல்தான் வாயில் வந்தது. "குப்பை" என்றேன்.

"இந்தியாவிலிருந்து குப்பையை வரவழைத்திருக்கிறீர்களா?"

"ஆமாம். என் அம்மா அனுப்பியது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "குப்பை என்றால் இறக்குமதி விதிகள் வேறு. சரக்கு என்றால் மதிப்பு எழுத வேண்டும். இது எது?"

"மதிப்பு கிடையாது."

"அப்படியானால் குப்பை."

"இல்லை, இல்லை. கைவேலைக்கு. பரிசு."

'பரிசு' என்று எழுதிக்கொண்டு பெட்டியைப் பிரித்தார். சீயக்காயும் மூலிகை எண்ணெயுமாக எங்கள் தெருக்கோடிப் பெட்டிக்கடை வாசம் அந்த அறையில் எழும்பியது. உள்ளே ஐந்து கட்டுகள். பச்சை, சிவப்பு, நீலம், வெள்ளை, மஞ்சள் என்று நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ரப்பர் வளையம் போட்டிருந்தாள். ஒரு உறைகூடக் கசங்கவில்லை.

"உங்கள் அம்மா ஒழுங்கானவர்" என்றார் அதிகாரி.

5

வீட்டு மேசையில் பரப்பிய பிறகுதான் கவனித்தேன். எல்லா உறைகளும் மேல் விளிம்பில் நேர்கோடாக, கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருந்தன.

அருவியில் யாரும் கத்தரிக்கோல் வைத்திருப்பதில்லை. ஈரக் கையால் உறையைக் கிழிக்கவும் முடியாது. மூலையைப் பல்லால் கடித்து, துப்பிவிட்டு, பிதுக்குவார்கள். அங்கே கிடக்கும் எந்த உறையிலும் பல் பட்ட தடம் இருக்கும், உள்ளே மணல் இருக்கும்.

அம்மாவை அழைத்தேன்.

"எம்மா, இதெல்லாம் அருவியில எடுத்ததா?"

கொஞ்சம் தயங்கினாள். "கடையில வாங்குனேன்."

"ஏம்மா இப்பிடி! குப்பையைக் குறைக்கச் சொல்லிப் புஸ்தகம் பண்ணுதேன். நீ புதுசா குப்பை பண்ணி அனுப்பியிருக்க!"

"நான் எதைட்டி வீணாக்குனேன்? அம்புட்டையும் ஒரே பாட்டில்ல ஊத்தி வச்சிருக்கேன். எண்ணெய் மேல நிக்கி, சீயக்கா அடியில கெடக்கு. எதுத்த வீட்டு மல்லிகா குலுக்கித் தேச்சுட்டு, 'மைனி, முடி பட்டு மாரி இருக்கு, இது என்ன கம்பெனி'ங்கா."

சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டேதான் கேட்டேன், "அருவியில கெடந்தத அனுப்பியிருந்தா இந்தப் பாடே இல்லையே?"

"கண்டவ கடிச்சுத் துப்புனது. அத ஒனக்கு எப்பிடி அனுப்ப? நீ தொட மாட்டியே."

குத்திக்காட்டும் குரல் இல்லை. நான் கத்தரிக்காய் சாப்பிட மாட்டேன் என்பதை எந்தக் குரலில் சொல்வாளோ, அதே குரல். நான் வேறு ஏதோ பேசி போனை வைத்துவிட்டேன்.

6

திருநெல்வேலியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. விடுதித் தோழிகள் நான்கு பேர் சாரலுக்குப் போக வேண்டும் என்றார்கள். குற்றாலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி நான்தான், அதனால் வழிகாட்டியும் நான்தான். அம்மா மெயினருவியில் வேலை பார்த்தாள். அதனால், "மெயினருவியில நிக்க எடம் இருக்காது, பழைய குற்றாலம் போவோம்" என்று முதல் நாளே சொல்லி வைத்தேன். தென்காசி பேருந்து நிலையத்தில் இறங்கியதும் யாரும் மனம் மாறுவதற்குள் ஆட்டோ பிடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் ஆசை தீரக் குளித்தோம். ஒருத்தி இடுப்பிலிருந்து ஷாம்பு உறைகளை எடுத்துப் பங்கு வைத்தாள். நான் பல்லால் கடித்துத் தலையில் தேய்த்துக்கொண்டு, உறையைக் கையில் பிடித்தபடி திரும்பினேன். நாலடி தூரத்தில் அம்மா நின்றாள். ஆரஞ்சு கோட்டு, கையில் சாக்கு, முனையில் கம்பி வைத்த குச்சி. பழைய குற்றாலத்தில் கூட்டம் அதிகம் என்று அன்று காலையில்தான் நாலு பேரை மெயினருவியிலிருந்து மாற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

அம்மா என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு வரத் தொடங்கியது. பிறகு என் பின்னால் நின்ற தோழிகளைப் பார்த்தாள். வந்த சிரிப்பை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டாள்.

ஒரு தோழி, "ஏய், உங்க ஊர்ல குப்பைய எங்கப்பா போடணும்?" என்றாள்.

நான் கையிலிருந்த உறையைக் கீழே விட்டேன். நழுவியது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நழுவவில்லை. அந்த ஆரஞ்சு கோட்டுப் பெண்ணுக்கும் எனக்கும் ஒட்டில்லை என்று காட்ட அந்த நேரத்தில் எனக்குக் கிடைத்த வழி அது. விட்டுவிட்டு அருவியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"கீழ போடாதீங்கம்மா. அங்கன தொட்டி இருக்கு பாருங்க" என்று என் முதுகுக்குப் பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. பிறந்ததிலிருந்து என்னை 'ஏட்டி' என்று கூப்பிடுகிறவள். கல்லில் கம்பி உரசும் சத்தம் கேட்டது. என் உறையை எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வாரம் நான் வீட்டுக்குப் போனபோது எப்போதும்போலச் சோறு போட்டாள். விடுதியில் சாப்பாடு எப்படி, கொசு கடிக்கிறதா என்று கேட்டாள்.   அவள் வேலை முடிந்து பேருந்து ஏறுவதற்கு முன் கோட்டைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வாள் என்று தெரியும். அது எனக்காக என்று கேட்காமலே தெரியும். வேண்டாம், போட்டுக்கொண்டே வா என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

7

இதழில் எல்லாப் பக்கமும் முடிந்து ஆரஞ்சு மட்டும் மிஞ்சியது. புத்தகங்கள் ஆரஞ்சுக்குத் துறவு என்றன, உற்சாகம் என்றன, எச்சரிக்கை என்றன. எதையும் எழுத மனம் வரவில்லை. நூலகத்தில் இதழ்களைக் காட்சிக்கு வைக்க ஒரு வாரம் இருந்தது.

சாயம் மட்டும் எளிதாகக் கிடைத்தது. மஞ்சள் தண்ணீரில் தோய்த்த தாளின்மேல் சோப்பு நீரைத் தடவினால் சிவக்கும். வேலையிடத்தில் நாங்கள் தண்ணீரின் காரத்தன்மையைச் சோதிப்பதும் கிட்டத்தட்ட இப்படித்தான். சோப்பை நீர்க்கக் கரைத்துத் தடவினேன். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே அம்மாவின் கோட்டு நிறம் வந்து நின்றது. அதைக் காய வைத்துவிட்டு, அந்தச் சனிக்கிழமை மதியம் போன் செய்தேன்.

"எம்மா, பழைய குற்றாலத்துல அன்னைக்கு..."

"என்னைக்கு?"

"எங்கூடப் படிச்ச புள்ளைகளோட வந்தேன்லா."

போனில் பேருந்து ஒன்று ஒலியெழுப்பிக்கொண்டு போனது கேட்டது. "அதுக்கென்ன இப்ப?"

"நான் அந்தக் கவர வேணும்னுதான் கீழ போட்டேன், எம்மா."

"தெரியும்."

"அத எழுதப் போறேன். நீ சரின்னு சொன்னா."

"அந்த ஊரு ஆளுகளுக்கு நம்ம வீட்டுக் கதை எதுக்குட்டி?"

"ஒனக்கு ஆபீஸ் வேலைன்னு அவங்ககிட்ட சொல்லி வச்சிருக்கேன். அத அடிக்கணும்."

அம்மா சிரித்துவிட்டாள். "ஆபீசா! நாற்காலியாவது போட்டுக் குடுத்தியா, இல்ல அங்கயும் நிக்கத்தான் வச்சியா?"

 அவளே தொடர்ந்தாள்.

"எழுது. எழுதுனா சரியா எழுது. பச்சைக் கவரு, செவப்புக் கவருன்னு எழுதிராத. அன்னைக்கு நீ போட்டது ஊதா."

எனக்கு அந்த நிறம் நினைவில் இல்லை. கம்பி உரசிய சத்தம் நினைவிருக்கிறது, தண்ணீரின் குளிர் நினைவிருக்கிறது. என் கையில் இருந்த உறையின் நிறம் தெரியாது. மேசையைப் பார்த்தேன். பச்சை, சிவப்பு, நீலம், வெள்ளை, மஞ்சள். சனி ஞாயிறுகளில் அதுதான் அதிகம் என்று அவளே சொன்ன ஊதா, அந்தக் கட்டுகளில் ஒன்றுகூட இல்லை.

"அதான் ஊதா அனுப்பலையா?"

"கடையில கையில எடுத்தேன். திரும்ப வச்சிட்டேன்."

"ஒண்ணே ஒண்ணு அனுப்பும்மா. அருவியில கெடந்தது. கழுவ வேண்டாம். நான் தொடுவேன்."

  

"நான் எதுக்கு அனுப்பணும்? சாரல் ஆவணி வரைக்கும் கெடக்கும். லீவு போட்டுட்டு வா. வந்து நீயே குனிஞ்சு எடு."

போனை வைத்துவிட்டாள்.

8

ஆரஞ்சுப் பக்கத்தில் ஜெர்மனிலும் தமிழிலும் நான்கு வரிகள் எழுதினேன். இது என் அம்மா உலகம்மாளின் கோட்டு நிறம். நீங்கள் அருவியில் போடுவதை அவர் எடுக்கிறார். நானும் போட்டிருக்கிறேன், அவர் காலடியில், அவரைத் தெரியாதவள்போல. சோப்பு பட்டால்தான் மஞ்சளில் இந்த நிறம் வரும்.

ஹைக்கேயிடம் பழைய சீட்டைத் திருப்பி வாங்கி, உள்ளாட்சித் துறை என்ற வரியை அடித்து, 'அருவியில் துப்புரவுப் பணியாளர்' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, இங்கே இது மதிப்பான வேலையாயிற்றே, ஏன் மறைத்தீர்கள் என்றார். அன்போடுதான் கேட்டார்.  இதழை விரித்து ஆரஞ்சுப் பக்கத்தை அவரிடம் காட்டினேன்.

காட்சியன்று ஜெபா அக்கா தமிழ் வரிகளை நின்று படித்தார். வழக்கமாக எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவர், என் தோளைத் தொட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். மித்ராவுக்குத் தமிழ் படிக்க வராது. நிறத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "சித்தி, உன் அம்மாவும் ஆரஞ்ச் ஆளா? ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?" என்று கோபித்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் மூன்றாம் வாரத்துக்கு விடுப்பு கிடைத்திருக்கிறது, பயணச்சீட்டும் எடுத்துவிட்டேன். அம்மாவிடம் தேதி சொன்னேன். "ஞாயித்துக்கெழமை எனக்குப் பழைய குற்றாலத்துலதான் வேலை. காலையில ஆறு மணிக்கு வந்துரு, பெறகு கூட்டம் ஏறிரும்" என்றாள். 

இதழின் அட்டையில் ஐந்து நிற உறைகளையும் பட்டை பட்டையாக ஒட்டியிருக்கிறேன். ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குத் தாள் தெரிகிறது. ஒட்ட மறந்துவிட்டீர்களா என்று பார்த்தவர்கள் கேட்டார்கள். மறக்கவில்லை என்று சொன்னேன்.